முருகன் படித்துவிட்டால்

"இத முருகன் காலடியில வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்ளா. அவரு 'அப்படியே ஆகட்டும்'னு சொல்லிட்டாருன்னா என் கதி என்ன?"

திருச்செந்தூர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு அப்பாவும் மகளும். ஆத்தூரில் இரண்டு வெற்றிலைக் கட்டுகளை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறியவர் அவர். கோயம்புத்தூர் சட்டக் கல்லூரியிலிருந்து திருநெல்வேலிக்கு மாற்றம் கேட்டு மகள் எழுதிய விண்ணப்பம் இப்போது அவர் கையில் இருந்தது.

"சும்மா காரணத்துக்கு எழுதினதுப்பா."

"'என் தந்தை படுத்த படுக்கையாக உள்ளார்.' இது சும்மாவா?"

"வீட்டுக்கு வரணும்னு மட்டும் எழுதினா டிரான்ஸ்பர் தர மாட்டாவப்பா. கவர்ல போட்டு ஒட்டிருதேன். ஒட்டின கவரத்தான கும்பிடப் போறோம்."

"ஒட்டிட்டா அவருக்குத் தெரியாதாக்கும்? வக்கீலுக்குப் படிக்கப் போனதும் சாமிகிட்டயே வேலையக் காட்டுதா பாரு! உள்ளத எழுதுளா."

குலுங்கும் பேருந்திலேயே அவள் வேறொரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அவர் சத்தமாக வாசித்தார்.

"'அம்மாவுக்கு இரவுப் பணி. நான் இல்லாததால், தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல் அப்பா பட்டினியாகவே படுத்துவிடுகிறார்.'"

தாளை மடித்தவர் மகள் பக்கம் திரும்பினார்.

"இத யாருளா உனக்குச் சொன்னா?"

"காலையில வந்து அம்மா சோத்துப் பானையத் திறந்து பாக்க மாட்டாளா?"

"சரி, பிரின்சிபாலுக்கும் இதையே குடு. படுக்கைன்னா டாக்டர் சர்டிபிகேட் கேப்பாவ. இதுக்குக் கேக்க மாட்டாவ."