அவள் தண்ணீர் என்னிடம்தான் இருந்தது

நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் ஷூவை ஓர் அளவு பெரிதாகத்தான் வாங்க வேண்டும். பலருக்கு இது தெரியாது. ஓட ஓடப் பாதம் வீங்கும், சரியான அளவில் வாங்கினால் நகம் கறுத்து விழுந்துவிடும். என் மனைவிக்கு முதல் ஷூ வாங்கிக் கொடுத்தவன் நான்தான், ஐயா. கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார், நான் பெரிதாகவே கேட்டு வாங்கினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் நானே என்று பிற்பாடு நினைத்ததுண்டு.

முதலுதவிக் கூடாரத்து டாக்டரைப் பற்றித்தானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள். சின்ன வயசு, பாவம். அவருக்காகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். எங்கள் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். படிக்க வந்தவர் வேகமெடுத்தால் நான் கத்த மாட்டேன். லேசாக மிதிப்பேன். பாதிப் பேருக்கு நான் மிதித்ததே தெரியாது, தாங்களே நிதானமாக ஓட்டியதாக நினைத்துச் சந்தோஷமாக இறங்கிப் போவார்கள். வீட்டிலும் எனக்கு அதே சுபாவம்தான். ஓடாதே என்று அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. என் அக்காவையே கேட்டுப் பாருங்கள், "இப்படி ஒரு புருஷன் யாருக்குடி கிடைப்பான்" என்று அவளிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்.

அவள் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க மெஷின் முன்னால் குனிந்தே இருந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. நடந்தால் சரியாகும் என்றார்கள். நடை ஓட்டமானது, ஓட்டம் பைத்தியமானது. நான் ஸ்கூட்டரில் தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே போவேன். எத்தனை சுற்று ஓடினாலும் நூல் பிடித்தது மாதிரி ஒரே வேகம் என்பதால் கூட ஓடுகிறவர்கள் அவளுக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அவர்கள் வைத்த பெயர் பாட்டில் மாமா. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அப்புறம் கோச் அக்கா வந்தார். நல்லவர், அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. சாம்பியன்ஷிப்பில் முதலாவதாக வந்தால் தேசிய அணியில் இடம், வெளியூரில் ஆறு மாதம் பயிற்சி முகாம் என்றார். சாப்பிடும்போது அவள் என்னிடம் சொன்னாள்.

"ஏங்க, கிடைச்சா போலாம்னு இருக்கேன். ஆறு மாசம்தான். உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?"

"எனக்கென்ன கஷ்டம், போயிட்டு வா," என்றேன்.

இரண்டு நாள் கழித்துத் துணி காயப்போட்டுக்கொண்டே கோச் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அங்கேயே தையல் வேலை ஏதாவது கிடைக்குமாக்கா? முகாம் முடிஞ்சாலும் இருந்துக்கலாமே," என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு அது. எங்கே போயிற்று என்று பல வருஷம் நான் தேடிய சிரிப்பு. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஐயா.

இந்தப் பந்தயம் ஒரு நாள் முழுக்க ஓடுவது. ஏரியைச் சுற்றிப் பாதை, யார் அதிகத் தூரம் ஓடுகிறார்களோ அவர்கள் சாம்பியன். ஒவ்வொரு சுற்றிலும் எங்கள் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். கூட வந்த ஆள் அங்கே நின்று தண்ணீரும் உப்பு மாத்திரையும் கொடுப்பார். ஓடுகிறவர் நிற்க மாட்டார், பார்க்க மாட்டார், கையை மட்டும் நீட்டுவார். "அந்த நேரத்துல எனக்கு மூளையே இருக்காதுங்க, நீங்கதான் என் மூளை," என்பாள். நான் எதைக் கையில் வைத்தாலும் வாயில் போட்டுக்கொள்வாள். அப்படி ஒரு நம்பிக்கையை நீங்கள் யாரிடமும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அன்றைக்கு அவள் பாட்டிலில் உப்பு கொஞ்சம் குறைவாக இருந்தது. சரி, உள்ளதையே சொல்கிறேன். உப்பே இல்லை. வாசனைக்கு எலுமிச்சை மட்டும் பிழிந்திருந்தேன்.

அவள் வயிற்றைப் புரட்டி வாந்தி எடுப்பாள், நாற்காலியில் உட்காருவாள், போன முறை ஜெயித்த சிவப்புத் தொப்பிக்காரி தாண்டிப் போய்விடுவாள், நான் அவள் காலைப் பிடித்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போவேன். அவ்வளவுதான் என் கணக்கு. உட்காருவாள் என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தும் அவள் உட்காருகிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

விடிந்த பிறகு, "வாட்ச் இறுக்குதுங்க," என்று மணிக்கட்டை நீட்டினாள். கூடவே ஓடிப் பட்டையைத் தளர்த்திவிட்டேன். அடுத்த சுற்றிலும் நீட்டினாள். விரல்கள் உப்பி, கை அவள் கை மாதிரியே இல்லை. உப்பில்லாமல் தண்ணீர் ஏறினால் முதலில் கைதான் வீங்கும் என்று கோச் அக்கா எங்களுக்கெல்லாம் வகுப்பெடுத்திருந்தார். "தண்ணி கம்மியானா ஆளைத் தேத்திடலாம். உப்பு போய் தண்ணி ஏறிடுச்சுன்னா மூளை வீங்கிடும், ஆளே கிடைக்க மாட்டாங்க," என்றார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாட்சைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டு பாட்டிலை நீட்டினேன்.

தெரிந்தேதான் கொடுத்தேனா என்று கேட்கிறீர்கள். அப்போது அவள்தான் முன்னால் இருந்தாள், ஐயா. சிவப்புத் தொப்பிக்காரி மூன்று சுற்று பின்னால்.

அடுத்த முறை அவள் முதன்முறையாக மேஜை முன்னால் நின்றாள். கண் என் மேல்தான் இருந்தது, ஆனால் அவளுக்கு என்னைத் தெரியவில்லை.

"அண்ணே, என் வீட்டுக்காரரைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். "இங்கதான் நிப்பாரு. என் தண்ணி அவர்கிட்டதான் இருக்கு. அவருக்குத்தான் தெரியும் எனக்கு என்ன குடுக்கணும்னு."

அந்தக் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. அந்த இடத்தில் மண்டியிட்டு அவள் காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது.

"வந்துடுவாரும்மா," என்றேன். "அதுவரைக்கும் இதைக் குடி."

குடித்தாள். நன்றிகூடச் சொன்னாள். வளைவு வரைக்கும் போய் அங்கே விழுந்தாள்.

மாத்திரையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அந்த உப்பு மாத்திரைகளை நாங்கள் வீட்டில்தான் செய்வோம். காலி மாத்திரைக் கூடுகளை வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சின்னக் கரண்டியால் நிரப்புவோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒன்றாக உட்கார்ந்து செய்கிற வேலை என்று அது ஒன்றுதான் இருந்தது. இந்தத் தடவை "நீ போய்த் தூங்கு, நானே முடிக்கிறேன்" என்றேன். பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால். சர்க்கரையைப் பொடித்து நிரப்பினேன். "என் தங்கம்" என்று என் தலையைக் கோதிவிட்டுப் போனாள்.

கூடாரத்தில் கட்டிலில் படுத்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. என் சுண்டுவிரலைப் பிடித்திருந்தாள். கூட்டத்தில் பிரிந்துவிடக் கூடாது என்று எப்போதும் அப்படித்தான் பிடிப்பாள். கொஞ்சம் நினைவு திரும்பியிருந்தது. நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோது விரலை அழுத்தினாள். டாக்டர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

"சார், கூட இருந்தது நீங்கதானே? உப்பு எடுத்தாங்களா? தண்ணி எவ்வளவு குடிச்சாங்க? யோசிச்சு சொல்லுங்க, அதை வச்சுத்தான் நான் ஏதாவது செய்யணும். இங்க ரத்தம் பாக்க வசதி இல்லை."

இப்போது உங்கள் விசாரணைக்கு வருகிறேன். உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர் அந்த டிரிப்ஸ் பாட்டிலை ஏற்றியிருக்க மாட்டார். அவளைப் பிழைக்க வைக்க அப்போதும் நேரம் இருந்தது. எனக்கு அது தெரியும். முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான். ஆனால் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், ஐயா. என் விரலைப் பிடித்தபடி, என் வாயையே பார்த்துக்கொண்டு. உள்ளதைச் சொன்னால் அந்த விரலை விட்டுவிடுவாள். பிழைத்து எழுந்து, துணிமணியை எடுத்துக்கொண்டு, முகாமுக்கோ எங்கேயோ போய்விடுவாள். அப்புறம் ஆயுசு முழுக்க நான் யாரென்று தெரிந்துகொண்டே எங்கேயோ வாழ்ந்துகொண்டிருப்பாள். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

"உப்பெல்லாம் நேரத்துக்குக் குடுத்தேன் டாக்டர்," என்றேன். "தண்ணிதான் சரியாவே குடிக்கல. எவ்வளவோ கெஞ்சினேன்."

அவர் நம்பினார். யார்தான் நம்ப மாட்டார்கள்? உடம்பில் தண்ணீர் இல்லை என்று நினைத்து உடனே டிரிப்ஸ் ஏற்றினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே வலிப்பு வந்தது. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். கொன்றது நான்.

வீட்டில் அவள் ஷூக்கள் இன்னும் வாசலில்தான் இருக்கின்றன. காலையில் என்னை அறியாமல் பாட்டிலை நிரப்பிவிடுகிறேன், அப்புறம்தான் ஞாபகம் வந்து கொட்டுகிறேன். சாப்பாடு இறங்கவில்லை. அவள் இல்லாத வீட்டில் மூச்சு விடுவதுகூடப் பெரிய வேலையாக இருக்கிறது. அக்கா வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், பாவி என் தம்பியைத் தவிக்க விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று. அது ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆம்புலன்சில் கடைசி மூச்சு வரைக்கும் அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். என்னை விட்டுவிட்டுப் போனாள் என்று மட்டும் அவளை யாரும் சொல்ல முடியாது, ஐயா.