ஈரமில்லாத பூசை

— கோயில்ல ரெண்டாம் மணியும் அடிச்சாச்சு செபஸ்தி. இன்னும் பாய்லயே உக்காந்திருக்க. காணோமேன்னு ஆண்டவரு ஆள் அனுப்பப்போறாரு.

— நான் இன்னைக்குப் பூசைக்கு வரல. இனிமேட்டும் போறதா இல்ல.

— ஏன், அவரு கட்சி மாறிட்டாரா?

— கல்யாணமான நாள்லருந்து கருப்புச் சட்டையப் போட்டுக்கிட்டு என்னையக் கேலி பண்ணீங்கள்ல, சந்தோசமா இருங்க. நீங்கதான் ஜெயிச்சீங்க.

— ஜெயிச்சவனுக்குக் காரணத்தையாவது சொல்லு. என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆகல. அதான் சங்கடமே. மூணு வருசமா ஒண்ணுமே ஆகல. முந்தியெல்லாம் சாமியார் கையால நன்மை அப்பம் வாங்கிட்டு முழங்கால் போட்டா கண்ணு தன்னால நெறையும். இப்ப மனசு வத்திப்போன கம்மா மாதிரி கெடக்கு. கூப்பிடுறேன், கூப்பிடுறேன், பதிலே இல்ல.

— ரிங் போகுது, எடுக்க ஆளில்ல. நம்ம எஸ்.டி.டி. பூத்துல அதுக்குக் காசு வாங்குறதில்ல.

— சாமியார் பிரசங்கம் வைக்கையில, மதியத்துக்கு என்ன வெஞ்சனம் வைக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

— அப்படியா? இந்த மூணு வருசமா வெஞ்சனம் நல்லாத்தான் இருக்கு.

— செபக்கூட்டத்து நான்சிகிட்டச் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்துல சொல்லாத பாவம் ஏதோ ஒண்ணு உள்ள கெடக்கு அக்கா, நல்லாத் தேடுங்கங்குறா.

— தேடுனியா?

— உங்களையக் கட்டிக்கிட்டதத் தவிர வேற ஒண்ணும் அகப்படல.

— அதுக்குத்தான் தெனம் தண்டனை அனுபவிக்கிறியே. பெறகு?

— நத்தத்துல தியானம்னாங்க, போனேன். சுத்தி அம்புட்டுப் பேரும் தேம்பித் தேம்பி அழுகுறாங்க. நான் மட்டும் பஸ்ஸுக்கு நிக்கிறவ மாதிரி நின்னேன். பக்கத்துல இருந்த பொம்பள எனக்கும் சேத்து அழுதா.

— தாராள மனசு.

— சிரிங்க. இல்லாத பக்தியக் காட்டி முழங்கால் போட எனக்கு வெக்கமா இருக்கு. அவருக்கு என்னையப் பிடிக்கல போல.

— அப்ப இந்த மூணு வருசம் எதுக்குப் போன?

— என்னத்தச் சொல்ல? அவரு பேசலன்னு நானும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்துற முடியுமா? அதான் போனேன். இப்ப அதுக்கும் தெம்பு இல்ல.

— செத்த நேரந்தான் இருக்கு. வண்டியத் தெருவுல எறக்கிட்டேன். எந்திரி.

— உங்களுக்கு என்ன இம்புட்டு அக்கறை? கோயில் வாசப்படிய மிதிக்காத மனுசன். என்னைய உள்ள அனுப்பிட்டு எதுத்தாப்ல குடிக்கிற மெஹராஜ் பாய் கடை டீயும் ஓசிப் பேப்பரும் போயிரும்னா?

— அதுவுந்தான்.

— தனியாப் போயிக் குடிங்க.

— குடிக்க முடியலடி. நீ அழுதுக்கிட்டு வெளிய வந்த காலத்துல எனக்குத் தெளிவா இருந்துச்சு. சோகப் படம் பாத்துட்டு வர்றா, உள்ள ஒருத்தரும் இல்லன்னு. இப்ப ஒண்ணுமே கெடைக்காம வெறுங்கையோட வர்ற. மறுநாளும் போற. அதுக்கு மறுநாளும் போற. யாரும் இல்லாத எடத்துக்கு இப்படி ஒருத்தி போவாளான்னு யோசிச்சு யோசிச்சு, டீ ஆறிப்போயிருது.

— என்னங்க சொல்றீங்க?

— இன்னைக்கு நானும் உள்ள வாரதாத்தான் கெளம்பி நிக்கிறேன். நீ பக்கத்துல இல்லன்னா, எப்ப முழங்கால் போடணும்னு நான் யாரப் பாத்துத் தெரிஞ்சுக்குறது?