சுவீடன் துவக்கு

— இஞ்சருங்கோ, எங்களுக்குத் தாற மேல் அறையைப் பாப்பம் எண்டு ஆசையா ஓடி வந்தால், நீங்கள் இந்த நிலத்துக்குக் கீழ்க் கெல்லருக்குள்ள துவக்கோட மல்லுக்கட்டிக்கொண்டு நிக்கிறியள்!

— கத்தாதையும், மலர். எங்கட கதை முடிஞ்சுது. வீட்டுக்காரக் கிழவர் சேர்ச்சிலை பூசை முடிஞ்சு வரப்போறார்.

— வரட்டுமன். அவர்தானே துடைக்கச் சொன்னவர்?

— வெளிப்பக்கத்தை மட்டும் துடை அன்ரன், உள்ளுக்குத் தொடாதை எண்டெல்லே சொன்னவர். சுவீடன் ஆமிக்காரன் கழிச்சு வித்த பழசு. சூட்டுக் கழகத்திலை காட்டுறதுக்கெண்டு பென்ஷன் காசிலை வாங்கினது. கிறீஸ் மெழுகு மாதிரி அப்பிக் கிடந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு, கட்டைக்கு எண்ணெய் பூசினன். பளபளக்குது பாரும். உள்ளுக்குக் குண்டு தள்ளுற போல்ட்டையும் கழட்டிக் கழுவி விட்டால் மனுசன் சந்தோசப்படும் எண்டு…

— பாத்தியளே! சொன்ன வேலைக்கு மேலால ஒண்டு செய்து காட்டாட்டி எங்கட ஆக்களுக்கு நித்திரை வராது.

— இப்ப திரும்பப் பூட்ட ஏலாமல் கிடக்கு. அரை மணித்தியாலமாத் தள்ளுறன், போகுதில்லை. கிழவர் கண்டாரெண்டால் அறை இல்லை. இந்த எசன் பட்டினத்திலை எங்களுக்கு அறை தர வேற ஆர் இருக்கினம்? பழையபடி அகதியளின்ர ஹைம்தான். ஆறு குடும்பத்துக்கு ஒரு குசினி.

— ஐயோ, இந்த வயித்தோட நான் அங்க திரும்பிப் போகமாட்டன்.

— அதுதான் விடாமல் தள்ளிக்கொண்டு நிக்கிறன்.

— விலகுங்கோ. கழட்ட முதல், பின்னால உள்ள சின்னத் தாழ்ப்பாளை நிமித்தி விட்டனீங்களோ?

— எந்தத் தாழ்ப்பாள்?

— சரிதான். போல்ட்டின்ர வால்பக்கம் சுத்துப்பட்டு இறங்கியிட்டுது, அதுதான் உள்ளுக்குப் போகுதில்லை. துணியாலை பிடியுங்கோ, வழுக்கும். இன்னும் இறுக்கி. நான் இழுத்துத் திருப்புறன்… ம்ம்… ஆ, நிமிந்திட்டுது. இப்ப தள்ளிப் பாருங்கோ.

— போகுது! மலர், போகுது! அந்தோனியாரே! அப்பாடா, இப்பதான் எனக்கு உயிர் வந்தது. என்ன, ஏன் அழுறீர்? எல்லாம் சரியாயிட்டுதெல்லே?

— நீங்கள் இன்னும் கேக்கேல்லை.

— என்னத்தை?

— இது எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு. ஏழு மாசம் இயக்கத்திலை இருந்தனான். ஒருத்தரையும் சுடேல்லை, மாதாவாணை. துவக்குக் கழுவிறதுதான் என்ர வேலை. பிறகு ஓடியந்திட்டன். இஞ்ச அகதி விசாரணையிலை, ஆயுதம் தூக்கினனியோ எண்டு உங்களைத்தான் கேட்டவங்கள். என்னட்டை, எத்தினை பிள்ளையள் எண்டதோட சரி. சொன்னால் நீங்கள் என்னை விட்டிட்டுப் போயிடுவியள் எண்டு பயந்து பயந்து, மூண்டு வருசமா…

— கண்ணைத் துடையும். கலியாணம் பேசேக்கையே உம்மட அண்ணை எல்லாம் சொல்லிப்போட்டார். நீராய் வாய் திறந்து சொல்லுமட்டும் கேக்கிறேல்லை எண்டு நான்தான் அவருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான்.