தம்பிக்கு வந்த சீசன்

தலையை ஆட்டாதீங்க சார், காதுகிட்ட கத்திரி இருக்கு. பேசுங்க, வேணாங்கல. வாய் மட்டும் ஆடட்டும்.

அந்த நாற்காலியா? அது தம்பியோடது. நாலு பேர் காத்துக்கிட்டிருந்தாலும் அதுல யாரையும் உக்கார வைக்கிறதில்ல.

ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு பத்தொம்பது வருஷம் வெட்டினோம். நான் ஒரு தலை முடிக்கிறதுக்குள்ள அவன் மூணு முடிச்சு, மூணு பேரையும் சிரிக்க வச்சு அனுப்பிருவான். எப்பவும் இல்ல. வருஷத்துல ஒரு தடவை, ரெண்டு தடவை அப்படி வரும். விடியறதுக்கு முன்னாடியே கடையைத் திறந்து கண்ணாடி தொடச்சுக்கிட்டிருப்பான். தூங்கலையாடான்னா, தூக்கமெல்லாம் சோம்பேறிங்களுக்குண்ணேம்பான். நாங்க அதுக்குப் பேரே வச்சிருந்தோம், தம்பிக்கு சீசன் வந்துருச்சுன்னு. சீசன் இருக்கான்னு கேட்டுட்டு வர்ற ஆளுங்களும் உண்டு. ஒரு தடவை ஆறு நாற்காலிக்கு ஆர்டர் குடுத்துட்டு வந்து நிக்கிறான். இங்க ரெண்டு போட்டாலே முழங்கை இடிக்குது. விழுந்து விழுந்து சிரிச்சோம் சார்.

அப்புறம் என்ன, சீசன் முடிஞ்சா படுத்துருவான். சுவரைப் பாத்துக்கிட்டு. ஊருக்கெல்லாம் சவரம் பண்றவன் தன் மூஞ்சியில கத்தி வைக்க மாட்டான். நான்தான் உக்கார வச்சுப் பண்ணிவிடுவேன். கன்னத்தைத் திருப்பினா திருப்பின பக்கமே இருக்கும். சிரிக்கிற தம்பிதான் நெசம், இது சும்மா சோம்பல்னு நினைச்சேன்.

ஒரு டாக்டர், இப்ப நீங்க உக்காந்திருக்கிற இதே நாற்காலியில உக்காந்துக்கிட்டுக் கேட்டார். தூங்காமலே சுறுசுறுப்பா இருந்தாரா, பேச்சு ஓட்டமா ஓடுச்சா, பெரிய பெரிய திட்டம் போட்டாரா, அப்புறம் படுத்துட்டாரான்னு. எல்லாத்துக்கும் ஆமான்னேன். ரெண்டும் ஒரே நோயாத்தான் தெரியுது, மருந்து இருக்கேன்னார். அவர் அஞ்சு நிமிஷத்துல கேட்டதை, பத்தொம்பது வருஷம் கண்ணாடியில அவன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நின்ன எனக்குக் கேக்கத் தெரியல.

மருந்து குடுத்தோமாவா? இல்ல சார், அவன் போய்ச் சேந்ததுக்கு அப்புறம்தான் அவர் கேட்டார். அவன் போன அன்னிக்குக் காலையில, எந்திரிடா சோம்பேறின்னு சொல்லிட்டு நான் கடைக்கு வந்துட்டேன். அவன்கிட்ட கடைசியா பேசினது அதுதான்.

இருங்க, எந்திரிக்காதீங்க. ஓட்டல், அச்சகம், அப்புறம் என்ன, ஆங், படகு வாடகைக்கு விடுறது, நீங்க போட்டு வச்சிருக்கிற திட்டம் எல்லாம் கேட்டேன். நாலு நாளா கண்ணே மூடலைன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்களே, அதையும் கேட்டேன். வீட்டுல யார் இருக்கா?

தனியாவா. சரி. நானும்தான்.

அந்த டாக்டர் ரெண்டு தெரு தள்ளித்தான். கடையைச் சாத்திட்டு நானும் கூட வரேன். என்னது, முதல்ல வெட்டி முடிக்கவா? சார், இந்த வாரத்துல நீங்க வர்றது இது நாலாவது தடவை. முந்தாநாளோட முடி தீந்துபோச்சு. நேத்தும் இன்னிக்கும் நான் வெறும் காத்துலதான் கத்திரி போட்டுக்கிட்டிருக்கேன்.