சாயக்காரி படத்தில் ஒரு மச்சம்

செர்ரி மரப்பலகை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஐயா. ஈரம் இருந்தால் உளி சொன்னபடி கேட்காது. அந்தப் பலகையில் ஒரு குறையும் இல்லை.

எடோ நகரில் அச்சுப்பலகை செதுக்குவது என் தொழில். ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து தருவார். அதைப் பலகையில் குப்புற ஒட்டி, கோடுகளை விட்டுவிட்டு மற்றதைச் செதுக்கி எடுப்பேன்.

இந்த முறை சாயப்பட்டறை வேலைகளைக் காட்டும் படங்கள். ஒட்டிய தாளின் முதுகைத் தேய்த்து எண்ணெய் தடவியதும் கோடுகள் எழுந்தன. நீலத்தொட்டியில் நூலை முக்கும் பெண், பின்னாலிருந்து வரைந்தது. அங்கி நழுவிய இடத்தில், வலது தோளில், ஒரு மச்சம். என் மனைவி ஒகினு சாயப்பட்டறையில்தான் வேலை பார்த்தாள். அவள் மச்சமும் வலது தோளில்தான்.

"அந்த ஓவியன் உங்க பட்டறைக்கு வந்தானா?" என்று கேட்டேன்.

"வந்தாரு. மூணு நாள் ஒக்காந்து எல்லாரையும் வரைஞ்சாரு. அந்த வெக்கையில நாங்க இருந்த கோலத்தப் பாத்தா உங்க பலகையே சிரிச்சிருக்கும்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். மழுப்புகிறாள் என்று எனக்குப் பட்டது. அதன்பின் அவள் மீன் வாங்கப் போனால் பின்னாலேயே போனேன். மீன்தான் வாங்கினாள். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பதினெட்டாம் நாள் அவளே கேட்டாள். "மனசுல என்ன வச்சிருக்கீங்க? திட்டணும்னா திட்டித் தொலைங்க. இப்படி என் முதுகையே பாத்துக்கிட்டிருந்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

நான் திட்டவில்லை. கோபம் எனக்கு வராது. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

மறுநாள் மதியம் அவள் பட்டறைக்குப் போனேன். மற்றவர்கள் மாடிக்குத் துணி உலர்த்தப் போயிருந்தார்கள். தொட்டியைத் தரையோடு தரையாகப் புதைத்திருந்தார்கள்; அவள் குனிந்துதான் இருந்தாள். பிடரியைப் பிடித்து அழுத்தினேன். அதிக நேரம் ஆகவில்லை. முழங்கை வரை ஏறிய நீலம்தான் இன்னும் போகவில்லை, நீங்களே பார்க்கிறீர்கள்.

குப்புற ஒட்டிய படம் இடம் வலம் மாறித் தெரியும், முப்பது வருடத் தொழிலில் இது தெரியாதா என்கிறீர்கள். தெரியும். சந்தேகம் வந்த கணத்தில் அது நினைவுக்கு வரவில்லை. அச்சிட்ட தாளில் மச்சம் இடது தோளில் இருந்தது. அது பக்கத்துத் தொட்டிக்காரி ஒசுகி.

அந்தத் தாள் என் கைக்கு வந்தது அன்று காலையில். ஆமாம், ஒகினு சாவதற்கு முன்பு. நிதானமாகப் பார்த்தேன், எல்லாம் புரிந்தது. ஆனால் பத்தொன்பது நாள் சந்தேகப்பட்டாயிற்று. அதற்குமேல் கட்டின மனைவியிடம் போய், தப்பாக நினைத்துவிட்டேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? நீங்களும் குடும்பஸ்தர், உங்களுக்குப் புரியும்.