கையெழுத்துப் போடாத தாள்

இப்போதெல்லாம் எங்கள் பஞ்சாபி ஆட்கள் புதிதாக ஒருத்தனைப் பார்த்தால் பெயரைக் கேட்பதில்லை. "உன் தேதி என்ன?" என்றுதான் கேட்கிறார்கள். கிரீன் கார்டு வரிசையில் அவன் நின்ற தேதி. மாதாமாதம் சர்க்கார் பட்டியல் விடும். அதில் தன் தேதி வந்துவிட்டால் நடையே மாறிவிடுகிறது. மரியாதை தெரியாத ஜனங்கள்.

பேக்கர்ஸ்ஃபீல்டு நெடுஞ்சாலையில் லாரிக்காரர்களுக்கு தாபா நடத்துகிறேன். நிர்வைல் என் தந்தூர் அடுப்புக்காரன். அவனுக்கு மனுப் போட்டவனே நான்தான். பன்னிரண்டு வருஷம் காத்திருந்தான். பட்டியல் வரும் நாளில் மாவுக் கையோடு போனைப் பார்ப்பான்.

"சாச்சா, மூணு வாரம் நகர்ந்திருக்கு."

"போன தடவை ஒரு வருஷம் பின்னால போச்சே, அதையும் சொல்லு."

"உங்க வாயில சர்க்கரையைத்தான் கொட்டணும்," என்று சிரிப்பான்.

அவசரம் அவனுக்காக இல்லை, மகள் குல்னீத்துக்காக. ஒன்பது வயதில் இங்கே வந்தவள். கார்டு கிடைக்காமல் இருபத்தொன்று முடிந்தால் அப்பன் மனுவிலிருந்து அவள் பெயர் போய்விடும், ஊருக்கே திரும்ப வேண்டும். இருபது நடக்கும்போது தேதி வந்தது. தாபா முழுக்க ஜிலேபி கொடுத்தான். நானும் ரெண்டு தின்றேன்.

பிறகு சர்க்காரிடமிருந்து ஒரு கடிதம். இந்த வேலை இன்னும் இருக்கிறதா, முதலாளி கையெழுத்துப் போட்டு மூன்று மாதத்துக்குள் அனுப்பவும். அவன் தாபாவின் பின்அறையில் குடியிருந்ததால் தபால் என் பெட்டிக்குத்தான் வரும். எடுத்து, கொண்டைக்கடலை மூட்டைக்கு அடியில் வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

இவனுக்கு முன்னால் அடுப்பில் இருந்த நச்சத்தர், கார்டு வந்த நாலாம் நாள் தனிக்கடை போடப் போய்விட்டான். தன் கத்தியை எடுக்க வந்தவன் உட்கார்ந்து ஒரு டீகூடக் குடிக்கவில்லை. அவன் கடை ஆறே மாதத்தில் மூடிக்கிடந்தது. நிர்வைலுக்கு அந்தக் கதி வேண்டாம் என்று நினைத்தேன்.

பதில் வரவில்லை என்று மனுவை மூடிவிட்டார்கள். குல்னீத்துக்கு இருபத்தொன்று முடிந்தது. சொந்த ஊர் ஜலந்தரில் யாரையும் தெரியாத பெண்ணை நானே காரில் விமான நிலையத்துக்குக் கொண்டுபோனேன். பெட்டியையும் நானே தூக்கினேன். என் காலைத் தொட்டுவிட்டுப் போனாள். மறுவாரம், வேலை விசாவில் தங்கிவிட்ட நிர்வைலுக்குப் புது மனுப் போட்டேன். ஊரே என்னைப் புகழ்ந்தது.

போன வாரம் எலி மூட்டையைக் கடித்தது. நகர்த்தியபோது கடிதம் நிர்வைல் கையில் கிடைத்தது.

இன்று குருத்வாராவில் கமிட்டி கூப்பிட்டது. தலைவர் தர்லோக் நல்லவர், எனக்கு வழிவிட்டுப் பேசினார்.

"பெரியவருக்குப் படிப்பு வராது. என்ன தாள்னு புரிஞ்சிருக்காது. அப்படித்தானே பெரியப்பா ஜி?"

ஆமாம் என்றால் தீர்ந்தது. என்னை முட்டாளாக்கப் பார்க்கிறார்களோ என்று தோன்றியது.

"தெரியும்," என்றேன். "இதே தாள்ல நாலு பேருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன். எந்த இடம்னு கண்ணை மூடிட்டுக் காட்டுவேன்."

"அந்தப் பொண்ணு உங்களை என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. நல்ல பொண்ணு."

நிர்வைல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னென்னவோ சொன்னார்கள், பாவம், துரோகம் என்று. ஒன்றும் எனக்கு ஏறவில்லை. எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

போகிற வழியில் ஒரு மூட்டை மாவு வாங்க வேண்டும். காலையில் நிர்வைல் கேட்பான்.