படலையில் வேப்பங்குழை

வேப்பங்குழையை விடியற்காலையில் வெட்ட வேண்டும். வெயில் ஏறிய பிறகு வெட்டினால் மத்தியானத்துக்குள் சுருண்டுவிடும். வாசல் படலையில் கட்டினாலும் பார்க்க லட்சணமாக இராது. எங்கள் ஒழுங்கை வீடுகளில் பலருக்கு இதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

நீதவான் ஐயா, என்னை யாரும் அடிக்கவில்லை, வெருட்டவுமில்லை. நானாகக் கேட்டுத்தான் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். என் பெயர் கனகாம்பிகை. புத்தூர் அருளம்பல உடையாரின் மூத்த மகள். காலஞ்சென்ற நடராசா வாத்தியாரின் மனைவி. மலாயாவில் றெயில்வேயில் வேலை பார்க்கும் முருகேசுவின் தாய். நேற்று உங்கள் கோட்டில் மொழிபெயர்க்கிற முதலியாரிடம் இதையெல்லாம் சொன்னேன். "உது உங்கடை ஆக்களைப் பற்றி. உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றார். வேறு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

நான் மிஷன் பெண்கள் பாடசாலையில் படித்தவள். சைவமாகப் போய்ச் சைவமாகவே திரும்பி வந்தேன். கடைசி வருடம் ஆங்கிலத்தில் முதலாவதாக வந்ததற்கு மிசியம்மா ஒரு புத்தகம் பரிசு தந்தார். முந்நூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த டொரதி என்ற சீமாட்டியின் சரித்திரம். சரித்திரம் என்று பெயரே தவிர, அந்த அம்மா என்ன சாப்பிட்டார், எதற்குச் சிரித்தார் என்று ஒரு வரி கிடையாது. இன்ன பிரபுவின் மகள், இன்ன பிரபுவின் மனைவி, இன்ன இன்ன பிரபுக்களின் மாமியார். முதல் பக்கத்தில் வம்சம் முழுவதையும் கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். ராசாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை மூண்டு பெரிய தலைகள் உருண்ட காலத்தில், இரண்டு பக்கத்திலும் அவருக்குச் சம்பந்திகள் இருந்தார்கள். அதனால் வீடு தப்பியது. மற்றப் பெண்கள் காதல் கதை வாசித்த வயதில் நான் அந்த ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

கடைசி மகளின் பெயர் ஆன். அவளுக்கு மட்டும் கீழே கோடு இறங்கவில்லை. 'மணமாகாதவள். இளவயதில் காலமானாள்' என்று இருந்தது. எப்படிச் செத்தாள் என்று மிசியம்மாவைக் கேட்டேன். புத்தகம் எழுதியவருக்கு அது தேவைப்படவில்லை போலும் என்றார். அது சரியான பதிலாகவே எனக்குப் பட்டது.

குணலட்சுமி என் தங்கையின் மகள். தாய் தகப்பன் இரண்டு பேரும் போன பிறகு நான்தான் வளர்த்தேன். முருகேசுவும் அவளும் ஒரே கோப்பையில் சாப்பிட்டவர்கள். பெரியம்மா மகன் என்றால் எங்கள் முறையில் கூடப்பிறந்தவன்தான். அண்ணை, அண்ணை என்று அவன் காலுக்குள்ளேயே நிற்பாள். அவளுக்குத் தலை இழுத்து எண்ணெய் வைத்தது நான். காய்ச்சல் வந்தால் மடியில் வைத்திருந்தது நான். எனக்கு அவள் மேல் அன்பு இருக்கவில்லை என்று யாராவது வந்து சாட்சி சொன்னால் அது பொய்ச்சாட்சி.

சாவகச்சேரிக் கந்தப்பருடைய வீட்டில் ஒரு மகனும் ஒரு மகளும். எங்கள் வீட்டிலும் அப்படியே. மாற்றுச் சம்பந்தம் பேசினோம். அவர்கள் மகள் முருகேசுவுக்கு, குணலட்சுமி அவர்கள் மகனுக்கு. ஆவணியில் முருகேசு லீவில் வந்ததும் இரண்டு கலியாணமும் ஒரே கிழமையில். மாற்று என்றால் இரண்டும் நடக்க வேண்டும். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். அப்பாவின் காலத்துக்குப் பிறகு அந்தத் தென்மராட்சிப் பகுதியில் எங்களுக்கு ஒரு வாசல் திறந்தது அப்போதுதான்.

பங்குனி மாதம் அவள் குசினி வாசலில் வந்து நின்றாள். ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அங்கே தியாகராசா என்று ஓர் உபாத்தியாயர். மயிலிட்டி ஆள். தோணி வைத்திருந்த குடும்பம். நல்ல பிள்ளையாகவும் இருக்கலாம். அது இதில் சம்பந்தப்படாது.

"பெரியம்மா, நான் அவரைத்தான் கலியாணம் எழுதப் போறன். ஒளிச்சுச் செய்ய விருப்பமில்லை. அதுதான் சொல்லுறன்" என்றாள்.

"அண்ணையின்ரை கலியாணம்?" என்று கேட்டேன்.

"அண்ணை என்னை விளங்கிக்கொள்ளுவார்."

அவள் அழவில்லை. சத்தம் போடவுமில்லை. குரலில் என் தகப்பனாரின் நிதானம் இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த நாள் விடியற்காலையில் அவள் குளித்துவிட்டு உடுப்பு எடுக்க வடக்கு அறைக்குள் போனபோது வெளியே நாதாங்கியைப் போட்டேன். பிறகு கொல்லையில் வேப்பங்குழை வெட்டிப் படலையில் கட்டினேன்.

ஐயா கொழும்பில் வளர்ந்தவர் என்று கேள்வி. அதனால் சொல்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு படலையில் வேப்பங்குழை தொங்கினால் அந்த வீட்டில் அம்மாள் வந்திருக்கிறாள் என்று அர்த்தம். அம்மை நோய் என்று நாங்கள் சொல்வதில்லை. யாரும் உள்ளே வரமாட்டார்கள். வைத்தியரைக் கூப்பிடமாட்டார்கள். அம்மாளாக வந்தவள் அம்மாளாகப் போவாள். அந்த மாதம் ஊரில் வேறு வீடுகளிலும் வந்திருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கவர்மேந்துக்கு அறிவிக்க வேண்டியது ஊர் விதானை பொன்னம்பலம். அறிவித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே உள்ள கொட்டிலில் போடுவார்கள். அவன் எனக்கு மச்சான் முறை. அறிவிக்கவில்லை. அவனைத் தண்டிக்க வேண்டாம். சொந்தத்துக்காகச் செய்தான்.

நான் அவள் மேல் கை வைக்கவில்லை. அம்மாள் வீட்டில் தாளிதம் கிடையாது, உப்புக் குறைவு. அதன்படி கஞ்சி கொடுத்தேன். நாளுக்கு நாள் புது வேப்பிலை கொண்டுபோய் அறையில் பரப்பினேன். வேலைக்காரியை ஊருக்கு அனுப்பிவிட்டேன். சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, கந்தப்பர் மகனையே கட்டுவேன் என்று சத்தியம் செய்தால் அன்றைக்கே கதவு திறக்கும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். "பெரியம்மா, அதை மட்டும் கேட்காதையுங்கோ" என்பாள். மற்றப்படி மரியாதையாகத்தான் கதைத்தாள்.

வடக்கு அறையின் சன்னல் ஒழுங்கைப் பக்கம். பலகையை ஆணி அடித்து மூடினாலும் சத்தம் கேட்கும். அதைப் பற்றி முதலில் எனக்கு யோசனையாக இருந்தது. தேவையில்லாத யோசனை. அவள் கூப்பிடக் கூப்பிட, ஒழுங்கையால் போனவர்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அம்மாள் வந்த பிள்ளை பிதற்றும். அந்தப் பிதற்றலுக்கு மறுமொழி சொல்லக்கூடாது.

தியாகராசாவும் வந்தான். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுப் படலைக்கு வெளியே நின்றான். அவன் குரல் கேட்டதும் அவள் பலகையில் தட்டத் தொடங்கினாள்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அம்மாளும் வரேல்லை. பெரியம்மா பூட்டி வைச்சிருக்கிறா. கதவைத் திறவுங்கோ" என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள்.

அவன் படலையில் கை வைத்தான். பக்கத்து வளவுச் சின்னாச்சி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். "தம்பி, உது பிள்ளை கதைக்கேல்லை. அம்மாள் கதைக்கிறா. உள்ளுக்குப் போனியெண்டால் பிள்ளையின்ரை உயிருக்குத்தான் மோசம்."

அவன் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். இருந்தாலும் கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவன். அம்மாள் என்றால் அவர்களுக்கு வேறு விதமான பயம். கையை எடுத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சன்னலைப் பார்த்துக் கும்பிட்டான். அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். எங்கள் ஆட்களில் ஒருவனாக இருந்திருந்தால் என்று அந்த நேரத்தில் எனக்கே ஒரு நினைப்பு வந்தது. பிறகு தினமும் இளநீர் கொண்டுவந்து படலையடியில் வைத்துவிட்டுப் போவான்.

காரியம் பிசகியது அவனால் அல்ல. சாவகச்சேரிக்கு எப்படியோ செய்தி போய்விட்டது. கந்தப்பர் வில்லு வண்டியில் வந்து ஒழுங்கையிலேயே நிறுத்திக் கதைத்தார். நல்ல மனிதர், எதையும் முகத்துக்கு நேரே சொல்வார்.

"தங்கச்சி, குறை நினைக்காதையுங்கோ. முகத்திலை தழும்பு விழுந்தால் என்ரை மனுசி ஒத்துக்கொள்ளாள். மாற்றெண்டபடியால் பிறகு முருகேசுவின்ரை அலுவலும் நிண்டுபோம்."

அவர் வண்டியில் ஏறப் போனவர் திரும்பிப் பார்த்தார். என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"கடவுள் சித்தம் வேறையாய் இருந்தால் அது வேறை கதை. அதிலை ஒரு பகுதிக்கும் மானக்கேடில்லை. செத்த வீட்டுத் துடக்கைக் கழிச்சுப்போட்டு முருகேசுவின்ரையை நடத்தலாம்."

வண்டி போன பிறகு கிணற்றடியில் இருந்து யோசித்தேன். கோபத்தில் செய்தது என்று யாரும் எழுத வேண்டாம். அவளை வெளியே விட்டால் முகத்தில் ஒரு தழும்பும் இராது. நான் பொய் சொன்னேன் என்று ஊர் அறியும், கந்தப்பர் அறிவார். பொய் சொன்ன வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள்? அவளும் மயிலிட்டிக்குப் போய்விடுவாள். விடாமல் வைத்திருந்தால் தழும்பு என்று சொல்லிச் சம்பந்தம் நிற்கும். எந்தப் பக்கத்தால் போனாலும் என் முருகேசுவுக்கு வாசல் அடைபட்டது. ஒரு பக்கம்தான் திறந்திருந்தது. அதையும் கந்தப்பரே காட்டிவிட்டுப் போயிருந்தார். பரிசுப் புத்தகத்தின் முதல் பக்கம் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த ஆன் ஒரு கோட்டையும் முறிக்கவில்லை. அவளுக்குப் பிறகும் மற்றக் கோடுகள் எல்லாம் கீழே கீழே இறங்கிக்கொண்டுதான் இருந்தன.

அன்றைய கஞ்சியை நான் அறைக்குக் கொண்டுபோகவில்லை. அதன் பிறகும் கொண்டுபோகவில்லை. தண்ணீரும் வைக்கவில்லை. தியாகராசா கொண்டுவந்த இளநீரைத் தேசிமரத்தடியில் ஊற்றினேன். மரம் அந்த முறை நன்றாகப் பூத்தது.

அவள் முதலில் கூப்பிட்டாள். பிறகு சுவரில் தட்டினாள். பிறகு கதவின் கீழ்ப் பக்கமாக வாயை வைத்துக் கதைத்தாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் பாய் போட்டு இருந்தேன். அவளைத் தனியே விட்டுவிட்டு நான் எங்கும் போகவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"பெரியம்மா, நான் ஓம். நீங்கள் சொல்லுற ஆளையே செய்யிறன். கற்பூரம் கொண்டு வாங்கோ. ஒரு மிடறு தண்ணி மட்டும் தாங்கோ" என்றாள்.

நீதவான் ஐயா, இந்த ஓம் என்ற சொல்லுக்காகத்தான் நான் அவ்வளவு நாளும் காத்திருந்தேன். கந்தப்பர் வருவதற்கு முன் சொல்லியிருந்தால் ஓடிப்போய்த் திறந்திருப்பேன். அவள் சொன்ன நேரத்தில் அது யாருக்கும் பிரயோசனப்படாத ஓம். நான் அவளுக்குத் தேவாரம் பாடினேன். சின்ன வயதில் நித்திரையாக்கப் பாடுவது. அவளும் கூடப் பாடப் பார்த்தாள். பிறகு நான் மட்டும் பாடினேன்.

செத்த வீட்டில் ஊரே வேலிக்கு வெளியே நின்று அழுதது. எனக்கும் நெஞ்சு வெடித்தது, அது நடிப்பில்லை.

நான் விட்ட பிழை ஒன்றுதான். அதுவும் நான் விட்டதல்ல. அம்மாள் கொண்டுபோன உடம்பை எங்கள் ஊரில் எரிப்பதில்லை. அம்மாள் குடியிருந்த உடம்புக்கு நெருப்பு வைக்கக்கூடாது. எங்கள் வம்சத்தில் எல்லோரும் எரிந்து சாம்பலானவர்கள். அவளையும் எரித்திருந்தால் இன்று நாம் இப்படி முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருக்கமாட்டோம். எரிக்க வேண்டும் என்று சொல்ல என்னால் முடியவில்லை. சொன்னால் அம்மாள் வரவில்லை என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். பனங்காணியில் குழி வெட்டித் தாட்டார்கள்.

சின்னாச்சி ஒருநாள் தியாகராசாவிடம், பிள்ளை பிறகு பிறகு தண்ணீர்தான் கேட்டது, அம்மாளுக்கு அவ்வளவு தாகம் என்று சொல்லி அழுதாளாம். அவனுக்கு அப்போதுதான் யோசனை ஓடியிருக்கிறது. குணலட்சுமிக்குப் படிக்கிற காலத்தில் அம்மாள் வராமல் இருக்க அம்மைப்பால் குத்தியது. கையில் தழும்பு உண்டு. அவன் அதைப் பார்த்திருக்கிறான். நேரே பொலிசுக்குப் போனான். தோண்டினார்கள். தோலில் ஒரு கொப்புளமும் இல்லை என்று டாக்குத்தர் எழுதியிருக்கிறார். வயிற்றில் வேப்பிலையைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நான் பரப்பிய இலைதான். தின்றிருக்கிறாள்.

தியாகராசா இப்போது பாடசாலைக்குப் போவதில்லையாம். எங்கள் படலையடியில் வந்து இருக்கிறானாம். உள்ளே போவதில்லை, அந்த இடத்திலேயே இருக்கிறான் என்று விதானை சொன்னான். கை வைத்த படலையை ஏன் தள்ளவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டிருப்பான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஆகவே, ஓம், நான்தான் கொன்றேன். தெரிந்தே கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். அவளைப் பற்றி எழுதும் இடத்தில் மட்டும், அருளம்பல உடையாரின் பேத்தி, மணமாகாதவள், இளவயதில் காலமானாள் என்று எழுதினால் போதும்.

கந்தப்பர் வீட்டிலிருந்து இன்னும் ஒருவரும் என்னைப் பார்க்க வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். ஆவணியில் கலியாணம் என்றால் இப்போதே பந்தலுக்கு ஆள் பிடிக்க வேண்டும். முருகேசுவிடமிருந்தும் கடிதம் இல்லை, கப்பல் ஏறியிருப்பான். அவன் வந்து இறங்குவதற்குள் ஐயா இந்த அலுவலை முடித்துவிட்டால் உபகாரமாக இருக்கும். வீட்டில் கிடக்கிற வேலைகளை யார் பார்ப்பது? தாலி கட்டும்போது பொம்பிளைக்குப் பின்னால் நின்று கூந்தலை விலக்கிக் கொடுக்க மாப்பிள்ளையின் தங்கை ஒருத்தி வேண்டும். தோழி என்போம். அதற்குத்தான் இப்போது வீட்டில் பிள்ளை இல்லை. யாரைப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.